ஏழாம் எண் படமும் என் கைக்குட்டையும்

கூடத்தின் பூட்டைத் திறந்ததும் முதலில் வந்தது சந்தன வாசனை. அடுத்தது பொரிகடலை வாசனை. மூன்றாவதாக வந்தது என் அலறல். கீழே வாசகசாலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் படியேறி ஓடி வந்து, "என்ன சார், பாம்பா?" என்றார்கள்.

பாம்பாக இருந்திருந்தால் தேவலை. பாம்பைக் கண்டு ஓடியவனை யாரும் குறை சொல்வதில்லை.

அன்று விஜயதசமி. காலை எட்டு மணி. தல்லாகுளத்தில் ஒரு வாசகசாலையின் மாடிக் கூடம். சுவர்களில் பதினோரு படங்கள். என் நண்பன் ஆரோக்கியசாமி வரைந்தவை. பத்து மணிக்கு மெட்ராஸிலிருந்து ஒரு விமர்சகர் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அவருக்குப் பிடித்தால் படங்கள் டெல்லியில் ஒரு பெரிய கண்காட்சிக்குப் போகும்.

பதினோரு படங்களும் அரூப ஓவியங்கள். மனிதன், மாடு, மரம் எதுவும் கிடையாது. வெறும் நிறம், நிறத்தை ஒட்டி இன்னொரு நிறம், அவ்வளவுதான். அந்தப் பதினொன்றிலும் இப்போது நட்ட நடுவில் மூன்று விரல் விபூதிப் பட்டை. அதன் மேல் சந்தனம். சந்தனத்தின் மேல் குங்குமம். ஈரம் காய்ந்து, ஓரம் வெடித்து, பதினோரு நெற்றிகளாக அவை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

போன வாரம் என் பள்ளிக்கூட நாடகப் பிரதாபங்களைப் படித்துவிட்டு, "எப்போதும் நீங்களே அடி வாங்குகிறீர்களே, நீங்கள் யாருக்கும் கெடுதல் செய்ததில்லையா?" என்று ஒரு வாசகர் அஞ்சலட்டை போட்டிருக்கிறார். ஐயா, இந்த வாரம் உங்களுக்காக.

தொடைக்காதீங்க

எந்த வருடம் என்று கேட்காதீர்கள். அவசரநிலை முடிந்துவிட்டது, எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் ஆகவில்லை. இரண்டையும் ஒரே வரியில் எழுதுவதற்கு வீட்டில் ஆட்சேபம் வரலாம்.

நான் தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க். ஆரோக்கியசாமி ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். ஏதோ சான்றிதழ் நகலுக்காக என் மேஜைக்கு வந்தான். அன்று காலைதான் மைப்புட்டியைத் தட்டிவிட்டு, ஒரு ஃபைல் முழுக்க நீல மை ஓடியிருந்தது. கண்காணிப்பாளர் வருவதற்குள் ஈரத்துணியால் துடைக்கப் போனேன்.

"யாரு சார் செஞ்சது இது?"

"நாந்தேன். கை பட்டுக் கவுந்துருச்சு."

அவன் தலையைச் சாய்த்து அந்தக் கறையையே பார்த்தான். வந்த வேலையை மறந்து பார்த்தான். "நல்லா இருக்கு சார். தொடைக்காதீங்க. தொடைச்சா செத்துரும்."

என் அரசுப் பணியில் நான் செய்த ஒரு காரியத்தை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் முறை. கடைசி முறையும் அதுதான். அன்று சாயங்காலமே அவன் எனக்கு மாப்ள ஆகிவிட்டான், நான் அவனுக்கு மாப்ள. கண்காணிப்பாளர் எனக்கு மெமோ கொடுத்தார் என்பது தனிக்கதை.

எந்த ஊரு மேப்பு?

விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டை ஒட்டி அவனுக்கு வாடகை வீடு. முன்னறையில் உட்கார இடம் இருக்காது. பிளைவுட் பலகைகள் சாத்தியிருக்கும். டியூப் கலர் வாங்க அவன் சம்பளம் காணாது. அதனால் சுண்ணாம்பு, செங்கல் தூள், அடுப்புக்கரி, துணிக்குப் போடும் நீலம். எல்லாவற்றையும் கஞ்சிப் பசையில் குழைத்துப் பூசுவான். காயும், மேலே மறுபடி பூசுவான். இருபது தடவை, முப்பது தடவை. அந்த அறைக்குள் நுழைந்தால் புதிதாக வெள்ளையடித்த வீடும் வண்ணான் துறையும் சேர்ந்த மாதிரி ஒரு மணம்.

பார்க்க வருகிறவர்கள் மரியாதையாகக் கொஞ்ச நேரம் நிற்பார்கள். அப்புறம் கேட்பார்கள். "சார், இது எந்த ஊரு மேப்பு?" "மேல பெயின்ட் அடிக்கணுமா, இல்ல இம்புட்டுத்தானா?" அவன் மாமனார் ஒருவர்தான் வெளிப்படையாகப் பேசினார்: "மாப்பிள்ளை, பிளைவுட்டு என்ன வெலைக்குப் போகுதுன்னு தெரியுமில்ல?"

நானும் சும்மா இருக்கவில்லை. எனக்குப் புரியாத எதையும் கிண்டல் செய்துவிடுவது என் சுபாவம். புரியவில்லை என்கிற பயத்தை மறைக்க அதைவிட மலிவான வழி கிடையாது. "மாப்ள, இதுல தலை எது, கால் எது? வெச்சுப் பாக்க ஒரு அம்புக்குறியாச்சும் போடு" என்பேன். அவன் சிரிப்பான்.

ஒரு நாள் சிரிக்காமல் பதில் சொன்னான். "மொதல்ல மாதா படம் வரைஞ்சேன் மாப்ள. எல்லாரும் மாதாவப் பாத்துக் கும்பிட்டாங்க, படத்த யாரும் பாக்கல. மரம் வரைஞ்சேன். என்ன மரம்னு கேட்டாங்க. ஒண்ணொண்ணா எடுத்துக்கிட்டே வாரேன். பத்து வருசமா எடுக்கேன். எதையும் காட்டாத ஒரு நீலம் வேணும். நீலம்னா நீலம். அம்புட்டுத்தேன்."

அந்த நீலம்தான் ஏழாம் எண் படம். படங்களுக்கு அவன் பெயர் வைப்பதில்லை, எண்தான். மூன்றடிக்கு நான்கடி. முழுக்க நீலம். கீழ் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குச் செங்கல் சிவப்பு. அதைப் பார்த்தபோது மட்டும் எனக்குக் கிண்டல் வரவில்லை. "காப்பி இருக்கா?" என்று கேட்டேன்.

ஒண்ணையும் விட்டுராதீங்கண்ணே

வாசகசாலையில் நான் இணைச் செயலாளர். வேறு யாரும் நிற்காததால் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவன். செயலாளர் ஒரு வக்கீல். மெட்ராஸ் விமர்சகர் மதுரைக்கு வருகிறார் என்று தெரிந்ததும் கூடத்தைக் கேட்டு வாங்கி, ஆணி அடித்து, படங்களை மாட்டி, எல்லாம் என் ஏற்பாடு. நண்பனுக்காக என்று சொல்லிக்கொண்டேன். மைக்கில் பேச வாய்ப்புக் கிடைக்கும் என்பதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

மாட்டி முடித்த சாயங்காலம் எனக்குப் பதற்றம் பிடித்துக்கொண்டது. மின்விசிறி கழன்று விமர்சகர் தலையில் விழுந்தால்? ஃப்யூஸ் போனால்? மறுநாள் ஆயுத பூஜை. வாசகசாலைக் காவலாளி சோணை ஒவ்வொரு வருடமும் பூஜை போடுவார். ஐம்பதை நெருங்கிய மனிதர், வில்லாபுரத்துக்காரர். வேலை என்று எடுத்தால் பாதியில் விடமாட்டார்.

மாற்றுச் சாவியை அவர் கையில் கொடுத்தேன். "சோணைண்ணே, நாளைக்குப் பூஜையச் சிறப்பாப் போட்டுருங்க. கூடத்துல ஒண்ணையும் விட்டுராதீங்கண்ணே. நாளன்னைக்குப் பெரிய மனுசன் வாராரு."

"நீங்க போங்க தம்பி. ஒண்ணையும் விடமாட்டேன்."

விடவில்லை. மின்விசிறி, சுவிட்சு போர்டு, மைக், நாற்காலிகள், பூட்டு, சுத்தியல், நான் விட்டுப்போன ஆணிப் பொட்டலம் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு. அப்புறம் படங்கள். அவர் கணக்கு நேரானது. தொழில் செய்கிற சாமானுக்குப் பொட்டு வைக்க வேண்டும். டிராயிங் மாஸ்டருக்குத் தொழில் இது. என் அலுவலகத்தில் டைப்ரைட்டருக்கும் ரப்பர் ஸ்டாம்புக்கும் வைத்துவிட்டு நான் வந்திருந்தேன். வெண்கல விளக்குக்கு வைப்பதைவிட நிதானமாக, படத்தின் சரியான மையத்தை அளந்து வைத்திருந்தார். குங்குமம் ஒரு படத்திலும் வழியவில்லை.

நல்ல படத்தை முதலில்

பாம்பு இல்லை என்றதும் ஓடி வந்த இருவரும் பேப்பர் படிக்கக் கீழே இறங்கிவிட்டார்கள். அலறி முடித்ததும் யோசித்தேன் என்று எழுத ஆசை. யோசிக்கவில்லை. பதற்றம் வந்தால் என் கை மட்டும் தனியாக வேலை செய்யும். பாட்டில் தண்ணீரைக் கைக்குட்டையில் கொட்டினேன். நல்ல படத்தை முதலில் காப்பாற்றுவோம் என்று நேராக ஏழாம் எண்ணிடம் போனேன்.

குங்குமம் வந்தது. சந்தனம் வந்தது. விபூதி வந்தது. அதோடு நீலமும் வந்தது.

கஞ்சிப் பசை தண்ணீருக்கு எம்மாத்திரம்? முப்பது பூச்சு, நான்கு தேய்ப்பில். வட்டமாகத் தேய்த்தேன், வட்டம் பெரிதானது. வட்டம் தெரியக் கூடாது என்று பக்கவாட்டில் இழுத்தேன், கீழே இருந்த செங்கல் சிவப்பும் கலங்கியது. நடுவில் பிளைவுட்டின் மஞ்சள் தெரிந்தது. சட்டி கழுவுகிற மாதிரி தேய்த்திருக்கிறேன்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. கைக்குட்டையைக் கால்சட்டைப் பைக்குள் திணிப்பதாக நினைத்து வெள்ளைச் சட்டையின் மேல்பையில் திணித்தேன்.

வந்தவன் ஆரோக்கியம். பின்னால் செயலாளர்.

ஆரோக்கியம் ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்தான். பொட்டுகளைப் பார்த்தபோது அவன் முகத்தில் கோபம் இல்லை. புரியாத மொழியில் யாரோ வணக்கம் சொன்ன மாதிரி ஒரு தடுமாற்றம். ஏழாம் எண்ணுக்கு வந்ததும் நின்றான்.

"யாரு மாப்ள?"

நான்கே எழுத்து: நாந்தேன். மைப்புட்டி கவிழ்ந்த நாளில் எவ்வளவு சுலபமாக வந்த சொல்!

"சோணை!" என்றேன். "சோணைதான் எல்லாம். பொட்டு வெச்சு, அப்புறம் அதத் தொடைக்கிறேன்னு… சொல்லிட்டுத்தான் போனேன், படத்தத் தொடாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

செயலாளர் கொதித்தார். "அந்தாள இனிமே இந்தப் பக்கம் வரச் சொல்லாதீங்க."

நான் தலையாட்டினேன். நன்றாக ஆட்டினேன்.

ஊமைப் படம்

விமர்சகர் ஜிப்பாவும் ஜோல்னாப் பையுமாக வந்தார். முதல் படத்தின் முன் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். அடுத்த படத்துக்கு ஏறக்குறைய ஓடினார்.

"இதைத்தான் சார் நான் ஊர் ஊராத் தேடிட்டிருக்கேன்! அப்ஸ்ட்ராக்ட்னு சொல்லி எல்லாரும் பாரிஸைக் காப்பியடிக்கிறான். இங்க பாருங்க. ஒரு சாதாரண நிறப்பரப்பு. அது மேல நம்ம ஜனங்களோட ஒரு பொட்டு. மண்ணோட வேர் சார் இது!"

பத்துப் படங்களுக்கும் இதே ஆனந்தம். ஏழாம் எண்ணிடம் வந்தபோது உதட்டைப் பிதுக்கினார். "இது மட்டும் ஏதோ ஊமையா நிக்குது. எடுத்துருங்க." பிறகு ஆரோக்கியத்தின் தோளில் கை போட்டார். "இந்தப் பொட்டு ஐடியா எப்ப வந்தது உங்களுக்கு?"

ஆரோக்கியம் வாயைத் திறந்தான். அவன் உண்மையைத்தான் சொல்லப் போகிறான் என்று எனக்குத் தெரியும். உண்மை சொன்னால் சோணை பேச்சு வரும். சோணை பேச்சு வந்தால் ஆளனுப்பிக் கூப்பிடுவார்கள். அவர் வந்தால் துடைத்தது யார் என்று தெரிந்துவிடும்.

"நாலு வருசமா சார்!" என்றேன் நான். என் குரல் எனக்கே அந்நியமாக, சோப்பு விளம்பரம் மாதிரி ஒலித்தது. "நாலு வருசமா இதே சிந்தனைதான். சாப்பாடு தூக்கம் கிடையாது. பொட்டு, பொட்டு, பொட்டு!"

ஆரோக்கியம் வாயை மூடிக்கொண்டான். திறந்ததைவிட மெதுவாக மூடினான்.

பத்துப் படங்களும் டெல்லிக்குத் தேர்வு. இதே மாதிரி இன்னும் பத்து வேண்டும், தை மாதத்துக்குள். செயலாளர் கை தட்டினார். ஒரே பொட்டு, ஒருவருக்கு டெல்லி, அதை வைத்தவருக்கு வேலை போச்சு. எல்லோரும் பொரிகடலை சாப்பிட்டோம். அதுவும் சோணை வைத்துவிட்டுப் போனதுதான்.

கலைந்து போகும்போது ஆரோக்கியம் என் பக்கத்தில் வந்தான். என் சட்டைப் பையைப் பார்த்தான். "சட்டைய நல்லா அலசச் சொல்லு மாப்ள" என்றான். சிரித்தேன். எதற்கு என்று கேட்காமலே சிரிப்பது என் வழக்கம்.

சாயங்காலம் சட்டையைக் கழற்றினால், பையைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு நீலம். என் மனைவி தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "நீலம் போட்டா முழுசாப் போடணும். ஒரே எடத்துல அப்பி வெச்சிருக்கான் பாருங்க, அந்த லாண்டரிக்காரன்."

துணி நீலம்தானே, ஊரில் யார் சட்டையில்தான் திட்டு இல்லை? ஆரோக்கியமும் அப்படித்தான் நினைத்திருப்பான். அந்தச் சமாதானத்தை வைத்துக்கொண்டு மூன்று வாரம் ஓட்டினேன்.

வில்லாபுரத்தில் ஒரு தம்ளர் தண்ணீர்

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆரோக்கியம் அலுவலக வாசலில் சைக்கிளோடு நின்றான். "ஏறு. சோணையண்ணன் வீட்டுக்குப் போவோம்."

"அங்க என்னத்துக்கு மாப்ள?"

"புதுசா நாலு செஞ்சேன். பொட்டு நானே வெச்சுப் பாத்தேன். நான் வெச்சா சேலை டிசைன் மாதிரி இருக்கு. அவரு வெச்சது பொட்டா இருக்கு. அவரையே வெக்கச் சொல்லிக் கேக்கப் போறேன்."

பின் கேரியரில் உட்கார்ந்தேன். வைகைப் பாலத்தைத் தாண்டும்போது சைக்கிள் கவிழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். கவிழவில்லை. என் வேண்டுதலுக்கு எப்போதுமே அவ்வளவுதான் மதிப்பு.

சோணை வீட்டு வாசலில் கயிற்றுக்கட்டிலுக்குக் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார். வேலை போனதிலிருந்து அதுதான் பிழைப்பு. எங்களைப் பார்த்ததும் எழுந்து துண்டை உதறிக் கட்டிலில் விரித்தார். உள்ளே திரும்பி, "சார் வந்திருக்காக, தண்ணி கொண்டா" என்றார்.

ஆரோக்கியம் வந்த விஷயத்தைச் சொன்னான். சோணைக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

"நாள் போயிருச்சே சார். ஆயுத பூஜை முடிஞ்சு மாசமாகப் போகுது. இப்ப வெக்கக்கூடாது."

"ஒரு நாலு படந்தேண்ணே."

"படத்துக்கு என்ன சார், நாளு வேணும்ல? அடுத்த வருசம் கொண்டாங்க, நாப்பது இருந்தாலும் வெச்சுத் தாரேன்."

ஆரோக்கியம் வாய்விட்டுச் சிரித்தான். டெல்லிக்காரர்களுக்குத் தை மாதம் வேண்டும். சோணைக்குப் புரட்டாசி கழியக் கூடாது. நானும் சிரித்தேன். தப்பித்தோம் என்று எழுந்திருக்கப் போனேன்.

"அண்ணே," என்றான் ஆரோக்கியம். "பதினொண்ணுல ஏழாம் நம்பர மட்டும் ஏன் தொடைச்சீங்க?"

சோணையின் கை கயிற்றில் நின்றது. அவர் ஆரோக்கியத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். என் முகம் அப்போது எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாய் பார்க்கிற மாதிரி பார்த்திருப்பேன்.

ஆரோக்கியமும் அவரைப் பார்க்கவில்லை. கையில் இருந்த தம்ளரைத் தூக்கித் தண்ணீரைக் குடித்தான். அவ்வளவு மெதுவாக ஒரு மனிதன் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. ஒரு மடக்கு. நிறுத்தம். இன்னொரு மடக்கு. நான்கு எழுத்துச் சொல்ல அதில் நாற்பது தடவை நேரம் இருந்தது. நான் கட்டில் கயிற்றின் முடிச்சை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

"அழுக்கா இருந்துச்சு சார்," என்றார் சோணை. "தெரியாமத் தொடைச்சுப்புட்டேன். மன்னிச்சுக்கங்க."

ஆரோக்கியம் காலித் தம்ளரைக் கீழே வைத்தான். "சரிண்ணே" என்றான்.

அவன் சைக்கிள் எடுக்கப் போனபோது நான் பின்தங்கி, "சோணைண்ணே…" என்று இழுத்தேன்.

"போங்க தம்பி. ஒங்க மூஞ்சியப் பாத்தேன், பாவமா இருந்துச்சு."

என்னைத் திட்டியவர்கள் உண்டு, மெமோ கொடுத்தவர்கள் உண்டு. அவர்கள் எல்லோரையும் நான் நகைச்சுவையாக எழுதிவிட்டேன். இந்த ஒரு வரியை எப்படித் திருப்பிப் போட்டாலும் சிரிப்பு வரவில்லை.

கையெழுத்து

டெல்லிக்கு ஒரு படமும் போகவில்லை. ஆரோக்கியம் விமர்சகருக்கு ஒரு கடிதம் எழுதினான்: பொட்டு வைத்தது நான் இல்லை, வைத்தவர் பெயர் சோணை, வில்லாபுரம். பதில் வரவில்லை. செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "ஒம்ம சிநேகிதனுக்கு வாழத் தெரியலய்யா" என்றார். சோணையைத் திரும்ப எடுக்கச் சொல்லிக் கேட்டேன். கேட்டேன் என்றால், எப்போது கேட்டால் மறுப்பாரோ அப்போது கேட்டேன்.

அந்தப் பத்துப் பலகைகளின் பின்பக்கங்களிலும் பள்ளிக்கூடத்துக்காகச் சார்ட் வரைந்தான் ஆரோக்கியம். இலையின் பாகங்கள், பல்லின் அமைப்பு, நீரின் சுழற்சி. அருமையான சார்ட்டுகள். எல்லாவற்றிலும் அம்புக்குறி இருந்தது.

அடுத்த வருடம் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனான். போவதற்கு முந்தின நாள், செய்தித்தாள் சுற்றிய பலகை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். ஏழாம் எண். நான் தேய்த்த வட்டம், கலங்கிய சிவப்பு, நடுவில் பிளைவுட் மஞ்சள். எதையும் அவன் திருத்தியிருக்கவில்லை.

"ஒனக்குத்தேன். வெச்சுக்க."

"எனக்கெதுக்கு மாப்ள…" என்று ஆரம்பித்து, வழக்கம்போல ஏதாவது வேடிக்கையாகச் சொல்லவேண்டுமே என்று, பலகையைத் திருப்பிப் பார்த்தேன். "என்னய்யா, கையெழுத்துக்கூடப் போடல? நாளைக்கு லட்ச ரூவாய்க்கு வித்தா எவன் நம்புவான்?"

அவன் என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். மூடியைக் கழற்றி என் கையில் கொடுத்தான்.

"நீ போடு மாப்ள. கடைசியா அதுல கை வெச்சது நீதானே."

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். காப்பி கொண்டுவந்த என் மனைவி, "அதுக்குள்ள கெளம்பிட்டாரா?" என்றாள்.

படம் பீரோவுக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மனைவி சந்தனக் கிண்ணத்தோடு பீரோவுக்குப் பொட்டு வைக்க வருவாள். அப்போது நான் அதை வெளியே இழுத்து, தூசி தட்டி, பின்பக்கத்தைத் திருப்பி, பேனாவைத் திறப்பேன்.

இன்னும் போடவில்லை.